பீங்கான் கப்பும் தீர்மானப் புத்தகமும்

அந்தப் பீங்கான் கப்பில் நீலப் பூ போட்டிருக்கும். எங்கள் கல்யாணத்துக்கு வந்த ஆறு கப்பில் உடையாமல் மிஞ்சியது அது ஒன்றுதான். என் மனைவி ஸ்டெல்லா அதைத் துணியில் சுற்றி, அலமாரியில் ஜெபமாலைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள்.

பங்குச் சாமியார் வந்தால் அந்தக் கப்பு வெளியே வரும். பிஷப் வந்தாலும் வரும். அவர் எங்கே எங்கள் வீட்டுக்கு வரப்போகிறார்! சாமியாரை விட்டால் அதில் காபி வாங்கிக் குடித்த ஒரே ஆள் தணிகாசலம். கட்டின புருஷன் எனக்கு எவர்சில்வர் டம்ளர்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், மழை பிடிக்கிறதுக்கு முன்னால் ஒரு சாயங்காலம். ஸ்ரீபெரும்புதூரில் என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில், தணிகாசலம் உட்கார்ந்திருக்கிறான். நான் ஸ்டூலில். ஸ்டெல்லா காபியைக் கொண்டுவந்து, சாசரோடு அவன் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கட்சி நெலத்தக் குடுன்னு சொல்லுது. நீங்க ஊரு ஊரா வந்து குடுக்காதன்னு சொல்றீங்க. இதுல இன்னாதான் நெசம்?"

தணிகாசலம் கப்பைக் கீழே வைத்தான். "கட்சி சொல்றது கட்சியோட பேச்சும்மா. எம் மனசுல பட்டத நான் சொல்றேன். மேட்டு நெலம், கல்லாங்குத்து எவ்ளோ கீது! ஃபேக்டரிய அங்க கட்டட்டும், யாரு வேணாங்கறது? ஏரித் தண்ணி பாயற நஞ்சையில வந்து இன்னாத்துக்குக் கல்லு நடணும்?"

"இத அவங்க எதுர்ல சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன் தங்கச்சி."

அப்போது ஸ்டெல்லா அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கினதில்லை. தப்பான பார்வை இல்லை. மரியாதை. அது தப்பான பார்வையாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

என் பேப்பர், அவன் கைதட்டல்

போன வாரம் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "நீங்கள் கட்சியில் இருந்தீர்களாமே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். மறைக்கவில்லை ஐயா. வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போட்டேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

நானும் தணிகாசலமும் ஒரே பெஞ்சு. படிப்பில் நான் முதல், அவன் கடைசிக்கு முன்னால். கட்சியில் இரண்டு பேரும் ஒரே நாளில் உறுப்பினர் சீட்டு வாங்கினோம். அவனுடைய முதல் மேடைப் பேச்சை எழுதிக் கொடுத்ததே நான்தான், நாலு பக்கம், மேற்கோளோடு.

பையன் மேடையேறினான். என் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அவன் வீட்டுக் கிணற்று மோட்டார் ரிப்பேரானதையும், மூணு மாசம் கரண்ட் ஆபீசுக்கு நடந்ததையும் சொன்னான். ஜனங்கள் சிரித்துச் சிரித்துக் கை தட்டினார்கள். என் நாலு பக்கமும் அவன் பையிலேயே வேர்வையில் நனைந்தது.

இறங்கி வந்து, "உன் பேப்பர் நல்லா இருந்திச்சிடா லாரன்ஸு, எனக்குத்தான் படிக்க வரல" என்றான். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவன் அதை மனசாரச் சொன்னதுதான் எனக்கு ஆகவில்லை.

பிறகு அவன் ஒன்றியத் துணைச் செயலாளர் ஆனான். எனக்குத் தீர்மானப் புத்தகம் கிடைத்தது. கையெழுத்து அழகாக இருக்கிறவனுக்குக் கட்சியில் வேறென்ன கிடைக்கும்?

காலையிலேயே நிறைவேறிய தீர்மானங்கள்

அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீள நோட்டு, சிவப்பு முதுகு. செயற்குழு கூடினால் என்ன தீர்மானம் போட்டார்கள் என்று அதில் ஏற்ற வேண்டும். ஒழுங்காகப் பார்த்தால், கூட்டத்தில் பேசி முடித்த பிறகுதான் எழுத வேண்டும்.

எங்கள் ஒன்றியத்தில் அந்த வழக்கமே கிடையாது. தீர்மானம் முதல் நாளே மேலிடத்திலிருந்து வந்துவிடும். நான் காலையில் வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து, கறுப்பு மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவிடுவேன். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "இத்தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது." அதற்குக் கீழே கோடு போட்டு இடம் விட்டிருப்பேன். கூட்டத்துக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். வந்ததற்கு அடையாளமும் அதுதான், தீர்மானத்தை ஏற்றதற்கு அடையாளமும் அதுதான். கையெழுத்துக்கு அப்புறம்தான் கூட்டம்.

மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் படிக்கமாட்டார்கள். "லாரன்ஸு எழுத்து அச்சடிச்ச மாதிரி கீதுப்பா" என்று மட்டும் சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பத்து வருஷம் ஓடினேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருஷம்

அந்த வருஷத்தைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் யாரிடம் பேசினாலும் மே மாதத்தில்தான் ஆரம்பிப்பார்கள். ஊர்ப் பெயர் உலகம் முழுக்க ஒரு சாவோடு சேர்ந்து அடிபட்டது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவதில்லை.

எங்களுக்கு அதற்குப் பின்னால் வந்ததுதான் பெரிய பேச்சு. தொழிற்பேட்டை வரப்போகிறது, ரோட்டோரம் மட்டுமில்லை, உள்ளே தள்ளியும் நிலம் எடுப்பார்கள் என்று சேதி. ஸ்டெல்லாவுக்குத் தாய்வீடு வடக்குப்பட்டு. அங்கே ஏரிப் பாசனத்தில் தொண்ணூறு சென்ட் இருந்தது. அவள் தம்பி ஆரோக்கியம் அதில் இரண்டு போகம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தச் சர்வே நம்பரும் பட்டியலில் இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து ஸ்டெல்லாவுக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் கட்சியின் நிலை: நிலத்தைக் கொடு, வேலையை வாங்கு. தணிகாசலம் மட்டும் கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டே ஊருக்குள் போய், நஞ்சையை விடாதே என்றான். "கட்சி வேற, தணிகாசலம் வேற" என்று ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள்.

இன்றைக்கும் இந்தப் பேச்சுதான். ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற பையன்கள் டீக்கடையில், "அவரு பர்சனலா நல்லவருப்பா, கட்சிதான் வுடல" என்று எந்தத் தலைவரைப் பற்றியாவது அடித்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட ஆசாமிகள் பத்துப் பேரையாவது எனக்குத் தெரியும். கொல்லைப்புறத்தில் ஒரு பேச்சு, மேடையில் ஒரு பேச்சு. இரண்டு பக்கமும் ஓட்டு வாங்கிக்கொள்வார்கள். தணிகாசலமும் அந்தக் கணக்குதான் என்று நான் நம்பினேன். நம்பினேன் என்றா சொன்னேன்? அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ரைஸ் மில் மாடி

செயற்குழு ஒரு புதன்கிழமை கூடியது. ரைஸ் மில் மாடி, கீழே நெல் அவிக்கிற வாசனை, மேலே போண்டா வாசனை. முப்பது பேர் இருக்கும். தணிகாசலமும் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினான், கையெழுத்துப் போட்டான், படிக்கவில்லை.

எங்கள் ஒன்றியச் செயலாளரை எல்லாரும் "ஒன்றியம்" என்றுதான் கூப்பிடுவோம். ஒன்றியம் எழுந்து, தொழிற்பேட்டைக்கு முழு ஆதரவு என்ற தீர்மானத்தை ஒரே மூச்சில் படித்தார். "எல்லாரும் ஏத்துக்கறீங்க இல்ல? கையத் தூக்குங்க. ஆச்சு" என்று சொல்லி அவரே கை தட்டினார். கைகள் எழுந்தன. தணிகாசலம் கை எழவில்லை. அவனே எழுந்து நின்றான்.

"அண்ணே, நான் இத ஏத்துக்கல."

ஒன்றியம் கை தட்டுவதை நிறுத்தினார்.

"இன்னாப்பா இது? மேல எடுத்த முடிவு."

"மேல எடுத்ததுதான். நான் கட்சிய வுட்டு எங்கியும் போவல. போவவும் மாட்டேன். ஆனா நஞ்சைய எடுக்கறதுல எனக்குச் சம்மதம் இல்ல. அத்த அப்படியே புஸ்தகத்துல எழுதிக்குங்க." என் பக்கம் திரும்பினான். "லாரன்ஸு, எழுதிக்கடா."

ஒன்றியம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "எழுதிக்குவாம்ப்பா, குந்து. போண்டா ஆறிப்போவுது."

பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். பக்கம் முத்து முத்தாக இருந்தது. அவன் சொன்னதை எழுத வேண்டுமானால் "ஏகமனதாக" என்பதை அடிக்க வேண்டும். பத்து வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் ஒரு அடித்தல் கிடையாது. ஒன்றியத்துக்குப் பயம் வேறு. இப்படிக் காரணம் சொல்லிக்கொண்டே போகலாம். உண்மை என்னவென்றால், "அவங்க எதுர்ல சொல்லுவீங்களா?" என்று ஸ்டெல்லா கேட்டாள், அவன் சொல்லிவிட்டான். முப்பது பேர் எதிரில், வாயில் தடுமாற்றம் இல்லாமல் சொல்லிவிட்டான். அதை என் கையாலேயே எழுதி, நான் அவனுக்குச் சாட்சியா?

பேனாவை மூடினேன். அவன் பார்த்திருப்பான், ஆனால் சந்தேகப்படவில்லை. எழுதிக்கொள்கிறேன் என்று நான் தலையை ஆட்டினேனே.

வீட்டுக்குப் போனதும் ஸ்டெல்லா வாசலிலேயே கேட்டாள்: "இன்னா ஆச்சு? அண்ணன் பேசினாரா?"

"தீர்மானம் ஏகமனதா நிறைவேறிச்சு" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று சோற்றை மறுபடி போட்டுக்கொண்டு சாப்பிட்டேன் என்பது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

கொட்டகையில்

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வடக்குப்பட்டில் மாதா கோயில் கொட்டகையில் ஊர் கூடியது. நிலக்காரர்கள் அத்தனை பேரும், நெற்றியில் விபூதி வைத்தவர்களும் வைக்காதவர்களும். ஆட்சேபணை சொல்லக் காஞ்சிபுரத்தில் கலெக்டர் ஆபீசுக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. தனித்தனியாகப் போனால் அதட்டி அனுப்பிவிடுவார்கள், பேசத் தெரிந்த ஒருத்தர் பின்னால் எல்லாரும் போக வேண்டும் என்று பேச்சு. யார் அந்த ஒருத்தர்? தணிகாசலம் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

"கட்சிக்காரர நம்பி எப்படிப் போறது? அங்க போயி மாத்திப் பேசினா நம்ம கதி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

என் மைத்துனன் ஆரோக்கியம் எழுந்தான். அவனுக்குத் தணிகாசலத்தின் மேல் உயிர். "எங்க மாமாதான் அவங்க கட்சி புஸ்தகம் எழுதறாரு. மாமா, அண்ணன் உள்ள இன்னா பேசினாருன்னு நீங்களே சொல்லிடுங்க. சனங்களுக்குச் சந்தேகம் தீந்துடும்."

புத்தகம் என் மஞ்சள் பையில் இருந்தது. அதைக் கொண்டுவா என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்துப் போயிருந்தேன்.

நிறுத்தி நிதானமாகப் படித்தேன். "தொழிற்பேட்டைக்குத் தேவையான நிலங்களை அளிக்க இச்செயற்குழு முழு ஆதரவு தெரிவிக்கிறது. இத்தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது." பிறகு புத்தகத்தைத் திருப்பி, கீழே இருந்த தணிகாசலத்தின் கையெழுத்தைக் காட்டினேன்.

தணிகாசலம் மெதுவாக எழுந்து வந்து பக்கத்தைப் பார்த்தான்.

"லாரன்ஸு, நான் எழுதிக்கோன்னு சொன்னேனேடா?"

"எழுதியிருக்கறதத்தான் படிச்சேன்" என்றேன்.

அவன் ஜனங்கள் பக்கம் திரும்பினான். "மில்லு மாடில முப்பது பேரு இருந்தாங்க. யார வேணா கேளுங்க."

ஆரோக்கியம் முகம் வெளுத்துப்போயிருந்தது. "முப்பது பேரும் உங்க கட்சிதானேண்ணே. இந்தக் கையெழுத்து உங்களுதா இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க."

"என்துதான்."

"அப்பால இன்னாண்ணே கீது?"

தணிகாசலம் என்னைத் திட்டியிருக்கலாம், சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பென்னலூர் பக்கம் அவன் மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பெண்கள் பக்கத்தில் ஸ்டெல்லா தலையைக் குனிந்து சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் ஜெயித்துவிட்டேன்.

இன்னொரு பக்கம்

அதற்கப்புறம் வடக்குப்பட்டுக்காரர்கள் சேர்ந்து போகவில்லை. ஆளுக்கு ஒரு மனுவாகக் கொண்டு போனார்கள். கட்சிக்காரனை நம்பிக் கெட்டோம் என்ற ஆத்திரத்தில் ஆரோக்கியம் போகவே இல்லை. நிலம் எடுக்கச் சம்மதம் என்று கொடுத்த ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். பொங்கலுக்குள் வரப்பில் கல் நட்டார்கள். தணிகாசலம் பின்னால் எல்லாரும் போயிருந்தால் தொண்ணூறு சென்ட் தப்பியிருக்குமா? தெரியாது. போகவிடாமல் செய்தது யார் என்பது மட்டும் தெரியும்.

கல் நட்ட வாரமே ஒன்றியம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "அந்தத் தணிகாசலம் இன்னும் ஊர்ல பேசிக்கினு திரியறான். பதவியிலேர்ந்து எடுக்கச் சொல்லி மேலேர்ந்து வந்துடுச்சி. நான் சொல்றேன், எழுதிக்க." எழுதினேன். மறுநாள் காலை வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தில் ஏற்றினேன். கடைசி வரி அதே வரிதான். பத்திரிகைகளுக்கும் கிளைகளுக்கும் அனுப்ப இன்ஸ்டிட்யூட்டில் நானே டைப் அடித்தேன். கார்பன் பிரதி ஒன்றை வீட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது ஸ்டெல்லா அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். சத்தம்போட்டுப் படித்தாள்:

"'நிலம் குறித்த கட்சித் தீர்மானத்தைச் செயற்குழுக் கூட்டத்திலேயே எழுந்து எதிர்த்ததோடு, ஊர்தோறும் அதற்கு விரோதமாகப் பேசிவருவதால்...'" நிறுத்தினாள். "கூட்டத்துலயே எதுத்தாராமே?"

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தேன்.

"ஏகமனதான்னு சொன்னீங்க?"

"புஸ்தகத்துல அப்படித்தான்..."

"புஸ்தகத்த நான் கேக்கல. நீங்க அங்க இருந்தீங்களா, இல்லியா?"

"இருந்தேன்."

"அவரு எழுந்து நின்னாரா?"

"நின்னான்."

"எங்க ஊரு சனம் அத்தினி பேரு எதுர்லயும், எந் தம்பி எதுர்லயும் அவரப் பொய்யனாக்கிட்டு, வூட்டுக்கு வந்து கறிக்குழம்பு கேட்டீங்களே."

உண்மை. அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டிருந்தேன்.

பொறாமை என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அவனுக்கு நீ கொடுத்த காபி எனக்குத் தொண்டையில் நின்றது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "கட்சின்னா அப்படித்தான்" என்று முனகினேன். அவள் கார்பன் தாளை மேஜையில் வைத்து, காற்றில் பறக்காமல் அதன் மேல் என் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தணிகாசலம் அதற்கப்புறம் வேறு எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பழைய துண்டையே போட்டுக்கொண்டு திரிந்தான். கடைத்தெருவில் எதிரே வந்தால் நான் சைக்கிளைச் சந்துக்குள் திருப்பிவிடுவேன். அவன் ஒரு தடவைகூடத் திருப்பியதில்லை.

ஸ்டெல்லா அந்தக் கார்பன் தாளைப் படித்ததற்கு மறுநாள் காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா காபி கொண்டுவந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். நீலப் பூ போட்ட பீங்கான் கப்பு, அடியில் சாசர்.

"இந்தாங்க. இனிமே அவரு நம்ம வூட்டுக்கு வர மாட்டாரு. நீங்களே குடிங்க."

குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நின்றாள். பிறகு கப்பை வாங்கிக்கொண்டு போய்க் கழுவி, அலமாரியில் வைக்காமல், அடுப்படியில் என் டம்ளர் இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

இத்தனை வருஷமாகியும் அது உடையவில்லை. இன்று காலையும் எனக்கு அதில்தான் காபி.